கைப்பிடி இல்லாத வீடு

அந்த இன்டீரியர் டிசைனருக்கு, அவரிடம் வேலை செய்யும் தச்சர் வைத்திருந்த பட்டப்பெயர் 'காலியம்மா'. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது, "இதையெல்லாம் எடுத்துடலாம்" என்பதுதான்.

இரண்டே அறையில் ஏழு பேரோடு முட்டி மோதி வளர்ந்தவர். தலைக்கு மேலே கொடியில் ஈரத்துணி, காலுக்குக் கீழே தம்பிகளின் புத்தகப் பை. தலையெடுத்ததும், கண்ணில் ஒன்றுமே படாத வீடுகளாக வடிவமைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். பழி விழுந்தது என்னவோ வாடிக்கையாளர்கள் தலையில்.

அவருடைய உச்சம், ஒரு பல் மருத்துவரின் வீடு. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, சோபா வெள்ளை. குளியலறைக் கதவு சுவரோடு சுவராக ஒளிந்திருக்கும். உள்ளிருந்தாலும் வெளியிலிருந்தாலும் சரியான இடத்தில் அழுத்தினால்தான் திறக்கும்.

"கைப்பிடி கண்ணை உறுத்தும் டாக்டர்" என்றார். மருத்துவரின் மாமனாருக்கு வரும் அவசரம் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒரு வாரம் சுவரைத் தடவிப் பார்த்தார். எட்டாம் நாள் கறுப்பு மையால் பெரிய அம்புக்குறி போட்டு, 'இங்கே அழுத்தவும்' என்று எழுதிவிட்டார்.

பத்திரிகைக்குப் படம் எடுக்கப் புகைப்படக்காரரோடு வந்த காலியம்மாவுக்கு அதைப் பார்த்ததும் பகீரென்றது.

"என்னப்பா இது, வீடா, பஸ் ஸ்டாண்டா?"

"பஸ் ஸ்டாண்ட்ல போர்டு இருக்கும்மா. அதான் எல்லாரும் சரியா போய்ச் சேர்றாங்க."

காலியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேய்த்து அழித்தார். மைக்கறையைக் கழுவக் குளியலறைக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பினால் நாலு பக்கமும் ஒரே வெள்ளை. வரைபடம் போட்டது அவரேதான். ஆனால் அதில் ஒரு கோடுகூட நினைவுக்கு வரவில்லை. தட்டினார், தடவினார், தோளால் முட்டினார். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் மானத்தை விட்டுக் கூப்பிட்டார்.

"பெரியவரே! கதவு எந்தப் பக்கம்?"

"வெள்ளையா இருக்கிற பக்கம்மா."

புகைப்படக்காரர் சிரித்த சிரிப்பு உள்ளே வரைக்கும் கேட்டது. அம்புக்குறி போட்ட கை அல்லவா, பெரியவருக்கு இடம் மறக்கவில்லை. ஒரே அழுத்தில் திறந்துவிட்டு, "உள்ள வசதியா இருந்துச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

காலியம்மா நேரே தச்சருக்குப் போன் போட்டார்.

"ரெண்டு கைப்பிடி எடுத்துட்டு வாங்க."

"கைப்பிடியா? ராங் நம்பருங்க" என்று தச்சர் வைத்துவிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் நம்பினார்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பளபளக்கும் பித்தளைக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டன. அடுத்த மாதம் புதிய வாடிக்கையாளர் ஒருவர், கைப்பிடி இல்லாத கதவுதான் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார்.

"அதெல்லாம் பழைய ஃபேஷன்" என்றார் காலியம்மா, முகத்தில் சலனமே இல்லாமல்.