நான் திருத்திய பாட்டு

மதுரையில் ஓர் எஃப்.எம். நிலையத்தில் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் திருச்சுழி, பந்தல்குடி, நரிக்குடிப் பக்கமெல்லாம் காதுகுத்து, கல்யாணம் என்று டிஜே செட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். எனக்கு ராப் மேல் கிறுக்கு. ஆனால் காதுகுத்து வீட்டில் ராப் யார் கேட்பார்கள்? சினிமாப் பாட்டாகப் போட்டுக்கொண்டே வந்து, பெரியவர்கள் பந்திக்கு எழுந்து போகும் நேரம் பார்த்து வெறும் தாளத்தை மட்டும் ஓடவிடுவேன். அப்போது மைக்கைப் பிடிப்பவன் என் சிநேகிதன்.

அருப்புக்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவன் அத்தா என்று கூப்பிடும் அப்பா, அவனுடைய சின்ன வயதிலேயே இறந்துபோனதால், பத்தாவது முடித்ததும் அவன் விசைத்தறி ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். தறிச் சத்தத்தில் தான் கத்துவது பக்கத்து ஆளுக்கே கேட்காது என்பதால், பகல் முழுக்கப் பயமில்லாமல் பாடிப் பழகியதாகச் சொல்வான். காகிதத்தில் எழுதி வைக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

கண்மாய் வறண்டு கிடந்த ஒரு வருடம். பந்தல்குடியில் ஒரு காதுகுத்து. நான் தாளத்தைப் போட்டதும் அவன் ஆரம்பித்தான்:

“மள வரும்னு சொன்னீக, மாசியும் போயிருச்சு. கம்மாக்குள்ள கிரிக்கெட்டு, கால்ல முள்ளு ஏறிருச்சு.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். கைகழுவ எழுந்த ஒருவர், ஈரக்கையோடு வந்து நின்று மறுபடி பாடச் சொன்னார். அன்றைக்கு மூன்று தடவை பாடினான்.

ரேடியோ வேலைக்கான முதல் குரல் தேர்வில் நான் தேறவில்லை. ‘ழ’ வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நாக்கை மடித்துப் பழகி, அடுத்த முறை தேறினேன். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் தமிழ் ராப் போட அனுமதி கிடைத்தது. முதலில் நினைவுக்கு வந்தது அவனுடைய மழைப் பாட்டுதான். கரண்ட் போய்த் தறிகள் நின்ற நேரத்தில் செல்போனில் பாடி அனுப்பி வைத்தான்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கேட்டார். பாட்டு நன்றாக இருக்கிறது, உச்சரிப்பு மோசம், திருத்தி வாங்கி வா என்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொல்வது சரி என்றுகூட அப்போது நினைத்தேன்.

அவன் லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையில் மதுரைக்கு வந்தான். நான்தான் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ‘மள’ என்று பாடுவான், நிறுத்துவேன். நாக்கை மேலே மடி என்பேன். மறுபடி நிறுத்துவேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. ‘மழை’ சரியாக வந்தபோது, தன் நாக்கைத் தானே கண்காணித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

பதிவு முடிந்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டான்.

“ஏலே, ஒனக்கு இது போதும்னா வச்சுக்க. எம் பாட்டு மாதிரி இல்ல.”

ரேடியோவில் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். பாட்டு ஒலிபரப்பானது. நல்ல தமிழ் என்று இரண்டு பேர் போன் செய்து பாராட்டினார்கள். கேட்டாயா என்று அவனிடம் கேட்டதற்கு, ஷெட்டில் வேலை இருந்தது என்றான். ஞாயிறு மதியம் ஷெட் ஓடாது என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவன் மைக் பிடிக்கவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது காரணம் சொன்னான். என் ராப் நிகழ்ச்சியும் ஒரு வருடத்தில் நின்றுபோனது. இரண்டு வருடம் கழித்து, உறவுக்காரர் ஒருவர் விசா எடுத்துக்கொடுக்க, வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போனான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டோம். அவனுடைய அம்மாவின் சர்க்கரை நோயைப் பற்றியும் அங்கே அடிக்கும் வெயிலைப் பற்றியும் பேசினோம். பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

அவன் ஓட்டிய வண்டி கவிழ்ந்த செய்தி வந்தபோது, காலை நிகழ்ச்சியில் இருபது நிமிடம் மிச்சமிருந்தது. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் போகவில்லை. இன்னும் நான்கு முறை பேசினேன். யாரோ ஒரு நேயருக்குச் சிரித்துக்கொண்டே பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். என் குரலில் ஒரு மாற்றமும் இல்லை என்று பிறகு ஒருவர் சொன்னார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அதற்கான தாளில் அவன் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். நான் போனபோது பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“பாடுவானாமே தம்பி. நான் கேட்டதே இல்ல. ஒங்ககிட்ட இருக்கா?”

அவன் செல்போனில் பாடி அனுப்பியது என்னிடம் இல்லை. பழைய போனோடு போய்விட்டது. ரேடியோவில் பதிந்ததைப் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் கேட்டார்.

“இது யாரு பாடுனது?”

அவன்தான் என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அவனுக்கு அது வருத்தமா இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

எழுந்து உள்ளே போய் டீ கொண்டுவந்து வைத்தார்.

அதன் பிறகு நாங்கள் செட் போட்ட வீடுகளாகத் தேடிப்போனேன். பழைய வீடியோ இருக்கிறதா என்று கேட்டேன். சிலருக்கு என்னையே நினைவில்லை. கடைசியில் நரிக்குடியில் ஒரு கல்யாண வீடியோ கிடைத்தது. அதில் அவன் பாடவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பந்தி ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் சாப்புட வாங்க, மள வர்ற மாதிரி இருக்கு” என்கிறான். அவ்வளவுதான். அதற்குள் மேளம் வந்துவிடுகிறது.

அருப்புக்கோட்டைக்கு எடுத்துப் போனேன். அம்மா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூன்று முறை கேட்டார். முந்தானையால் திரையைத் துடைத்தார்.

“அவன் பேசுறப்ப பின்னால யாரோ சிரிக்கிறாகளே, யாரு?”

“நான்தாம்மா.”

மறுபடி போடச் சொன்னார்.