மரம் பேசினால் வாயை மூடு

கூரையைச் சோதிக்கப் போன ஆலையிலிருந்து செய்தி ஆபீஸ் போனில் வந்தது. "ஆலைக் கூரை உக்காந்துருச்சு சார். ஆளுங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. உங்க இன்ஜினியர் மட்டுந்தான்..." என்று அந்தக் குரல் நின்றுவிட்டது. இருதயராஜ் போய்விட்டான். இந்த அஞ்சலியில் 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான். அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கதை தொடங்கியபோது சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் இருவரும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கண்டோன்மென்ட் பக்கம் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இன்டர்வியூவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தோம். பழைய கட்டடங்களைப் பார்த்து, நிற்குமா விழுமா என்று ஆலோசனை சொல்லும் பம்பாய்க் கம்பெனி ஒன்று கண்டோன்மென்டில் கிளை திறந்திருந்தது. எனக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று. அவனுக்கு அப்படியில்லை. அவன் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் கூரைக்கு மரமுட்டுக் கொடுக்கிறவர். நெஞ்சில் தூசி இறங்கி இருமிக்கொண்டே குழிக்குள் போய்வந்தார். வேலையை விட்டால் சுரங்கம் கொடுத்த வீட்டையும் விடவேண்டும். மகனுக்கு இந்த வேலை கிடைத்தால்தான் அவர் மேலே வரமுடியும்.

நான் அதிகாரிபோல உட்கார்ந்து கேள்வி கேட்பேன். நன்றாகத்தான் பதில் சொல்வான். திடீரென்று பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாடா, ஊமையாயிட்ட? அங்க போயி இப்படி முழிச்சா அடுத்த ஆளக் கூப்புடுவாங்க."

"ஸ்வல்ப இருடா. உத்திரம் சத்தம் போடுது."

"வெயிலுக்கு மரம் சத்தம் போடாம பாட்டா பாடும்? தைரியமாப் பேசு."

அது சுரங்கத்துக்காரர்களின் பழக்கமாம். பாரம் தாங்காமல் முட்டுமரம் முனகினால் 'மரம் பேசுது' என்பார்களாம். அது பேசும்போது மனிதன் பேசக்கூடாது. "நடுவுல பேசினவன் எவனும் மேல வரலடா" என்று சோறு பிசைந்துகொண்டே சொன்னான். ஆனாலும் நான் அவனுக்குக் கூச்சம் என்றே நினைத்து, இடைவிடாமல் பேசப் பழக்கினேன்.

இன்டர்வியூ ஒரு பழைய மாடியறையில் நடந்தது. எனக்கு முதலிலேயே முடிந்துவிட, நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அதிகாரிகள் முன்னால் மளமளவென்று பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். பேசித் தொலையேண்டா பாவி என்று என் மனம் அடித்துக்கொண்டது. பெரிய அதிகாரி, விடை தெரியவில்லையா என்று கேட்டார்.

"தெரியும் சார். முதல்ல எல்லாரும் வராந்தாவுக்கு வாங்க. மிச்சத்த அங்க சொல்றேன்."

"விளையாடறீங்களா? உக்காருங்க."

"வேலை குடுக்காட்டிப் போவுது சார். எந்திரிங்க!"

கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கதவோரம் போய் நின்றான். அதிகாரிகள் வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தார்கள். ஒன்றும் விழவில்லை. மழைதான் பெய்தது. ஒருவர் சிரித்தே விட்டார். இனி அவன் அப்பா குழிக்குள்ளேயே கிடக்கவேண்டியதுதான் என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய அதிகாரியே ஏணி வைத்து ஏறிச் சுண்ணாம்புப் பூச்சைத் தட்டிப் பார்த்தாராம். உத்திரம் முழுக்கக் கரையான். தொட்டால் மாவாகக் கொட்டியதாம். அவனுக்கு வேலை கிடைத்தது. அப்பாவை ஜீவனஹள்ளியில் பிடித்த வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டான். எனக்கும் அதே கம்பெனியில் இடம் கொடுத்தார்கள்.

பிற்பாடு நாங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தோம். வாய்ச்சாலக்காரர்களைக் கண்டு நான் மயங்கும்போது என் காதருகே முணுமுணுப்பான்: "தெரியலங்கறத நம்ம மூஞ்சியப் பாத்துச் சொல்றானான்னு பாருடா. அவந்தான் தைரியசாலி."

அடக்கத்தன்று, உயிர் தப்பிய ஆலை மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பேசிக்கினே இருந்தாரு சார். டக்குனு வாய மூடிட்டாரு. போங்க போங்கன்னு கைய மட்டும் ஆட்டினாரு. நாங்க எல்லாம் வாசலத் தாண்டுற வரைக்கும் அவரு நகரவே இல்ல."

அவன் தைரியத்தை நீங்கள் எல்லோரும் புகழ்கிறீர்கள். புகழுங்கள், தகும். எனக்கென்று அவன் விட்டுப்போனது அவனுடைய பயம். எந்த அறைக்குள் போனாலும் இப்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அந்த ஆலையில் பாதிக் கூரை இன்னும் நிற்கிறது. அது தாங்குமா என்று பார்த்துச் சொல்லத் திங்கட்கிழமை என்னை அனுப்புகிறார்கள்.