எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?

நம் வாசகர் குழுவில் யார் எதைப் பதிவிட்டாலும் ஸ்டெல்லா அக்காவோ நானோ அனுமதித்தால்தான் அது வெளியே தெரியும். அன்று காலை மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே கைபேசியைத் திறந்தேன். ஒரு பதிவு காத்திருந்தது. அக்காவின் கணவர் அமலன் அண்ணன் எழுதியிருந்தார்: ‘என் மனைவி ஸ்டெல்லா நேற்றிரவு மாரடைப்பால் இறைவனில் இளைப்பாறினாள்.’ அதன் கீழே வழக்கம்போல இரண்டு பொத்தான்கள். அனுமதி, நிராகரி. அனுமதியை அழுத்த எனக்கு வெகுநேரம் ஆயிற்று. மகள் வாயைத் திறந்துகொண்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள்.

நீங்கள் எல்லோரும் அக்காவைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான்தான் பிந்திவிட்டேன். ஒரு விஷயம் முடியாமல் எனக்கு எழுத வரவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தருமபுரத்தில் அக்கா நடத்திய மருந்துக் கடையில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே நான் அங்கே ஓடிப்போய் நிற்பேன். “பிள்ளை நல்லாத்தான் இருக்கா பிரியா. ஒனக்குத்தான் சூடு. இந்தா, இதப் படி” என்று ஒருநாள் மருந்துக்குப் பதிலாக ஒரு புத்தகத்தை நீட்டினார். பதிப்பகம் எதுவும் இல்லாமல் ஒருவர் தானே அச்சிட்டுக்கொண்ட கதைத் தொகுப்பு. படித்துவிட்டு வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். “அப்படிப் போடு! நீ நம்ம ஆளு” என்றார். குழுவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாதி என் தலையில் விழுந்தது அப்படித்தான்.

அந்த வேலை பெரும்பாலும் பஞ்சாயத்துதான். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு நம் குழுவில் வருவதே நாலைந்து விமர்சனம். அதில் ஒன்று மோசமாக அமைந்தால் புத்தகம் படுத்துவிடும். அந்த விமர்சனத்தை அழித்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். அக்கா மசிய மாட்டார். “நல்லாருக்குன்னு எழுதுறவங்க முக்காவாசி சொந்தக்காரங்க. நல்லால்லன்னு சொல்றவனாவது வாசகனா இருந்துட்டுப் போறான், விடேன்.”

இந்தப் பிடிவாதம் ஒருமுறை தப்பாகிப் போனது. கருக்களாச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் முதல் நாவலுக்குக் கீழே யாரோ ‘குப்பை’ என்று மட்டும் எழுதினார். அக்கா அதையும் அனுமதித்தார். அந்தப் பெண் புத்தகத்தை விலக்கிக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டாள். அக்கா அவள் வீட்டுக்கே போய்ப் பேசியும் திரும்பவில்லை. “அவன் படிச்சானான்னுகூட நான் கேக்கலயேடி” என்று சொன்னபோது அக்காவின் முகம் கறுத்துக் கிடந்தது. உங்களுக்கெல்லாம் பழகிப்போன அந்தக் கேள்வி அதற்குப் பிறகு வந்ததுதான். குறை சொல்கிற ஒவ்வொருவரிடமும் கேட்பார்: “எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?” பதில் வந்தால் விமர்சனம் நிற்கும். வராவிட்டால் போய்விடும்.

போலகத்து நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி இதைச் சொல்கிறேன். அவர் நாவலுக்கு வந்து, நான் சரியாகப் பார்க்காமல் அனுமதித்துவிட்ட விமர்சனம்: ‘இந்த மூஞ்சிக்கு எழுத்து ஒரு கேடா? ஒரே இழுவை.’ அவர் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

“மொத்தமா தூக்கிடுங்கக்கா. ஊர்ல தல காட்ட முடியல.”

“மூஞ்சியப் பத்தி எழுதுனத அவரையே எடுக்க வச்சுட்டேன். இழுவைன்னது நிக்கும். நாப்பத்தோராம் பக்கத்துல நிறுத்திட்டாராம். அங்க என்ன வச்சிருக்கீங்க?”

அவர் புரட்டிப் பார்த்தார். “கல்யாணப் பந்திக்கா.”

“எத்தன பக்கத்துக்கு?”

“பதினாலு.” கொஞ்சம் யோசித்தார். “எம் பொண்டாட்டியும் அங்கதான் தூங்கிட்டா.”

அக்கா சிரித்த சிரிப்பில், மாத்திரை வாங்க வந்தவர்களும் விஷயம் தெரியாமலே சிரித்தார்கள்.

இனி அந்த விஷயம். அடக்கம் முடிந்து சில நாளில், அக்கா எழுதிய ஒரே நாவலுக்கு ஒரு விமர்சனம் வந்து அனுமதிக்காகக் காத்திருந்தது. எழுதியவர் வெளியூர், குழுவுக்குப் புதியவர். அக்கா போனது அவருக்குத் தெரிந்திருக்காது. ‘முழுதாகப் படிக்க முடியவில்லை. ஆட்டோக்காரர், பங்குச் சாமியார், பள்ளிக்கூடப் பையன் எல்லோரும் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள்.’

அமலன் அண்ணனிடம் கேட்காமல் வெளியிட மனம் வரவில்லை. “வேணாம்மா” என்றார். “பொண்ணு தெனமும் அந்தக் குழுவத்தான் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. இப்ப ஏம்மா?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தாயை இழந்த பெண் அதைப் படித்தால் என்ன ஆகும் என்று என் மகளைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். நிராகரிப்பதற்கு விரலைக் கொண்டுபோயும்விட்டேன். ஆனால் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரே. கேட்டேன். ‘அறுபத்துமூன்றாம் பக்கம்’ என்று உடனே பதில் வந்தது.

புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையோடு ஆட்டோவில் போகிறாள். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்: “பிள்ளை நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்குத்தான் சூடு.” கொஞ்சம் கீழே, வழியில் ஏறிக்கொள்ளும் சாமியார் சொல்கிறார்: “அப்படிப் போடு!”

மறுபடி அண்ணனை அழைத்து, அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஸ்பீக்கரில் போட்டிருப்பார்போல. முதலில் அவர் மகளின் சிரிப்புதான் கேட்டது. “அப்பா, சாமியாரும் அம்மாவாட்டமே பேசுறாருப்பா. இன்னொரு தடவ படிக்கச் சொல்லுங்க.”

படித்தேன். பிறகு, “அந்த ஆளு சொன்னது சரிதாம்மா. போட்டுடு” என்றார் அண்ணன்.

அனுமதியை அழுத்தினேன். அந்த விமர்சனம் அங்கேயே இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அழிக்க வேண்டுமா வேண்டாமா என்று இனியும் நாம் சண்டை போடுவோம். அப்போதெல்லாம் அக்காவின் கேள்வியை நான்தான் கேட்டாக வேண்டும். அவரிடமிருந்து எனக்கு அந்தக் கேள்வியும் அறுபத்துமூன்றாம் பக்கமும் மிஞ்சியிருக்கின்றன. மகளுக்கு உடம்பு சுட்டால் இப்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன்.