மூத்தவளின் கன்னிக்கால்

ஓர்ஸ் ஹில் குன்றின் அடிவாரத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி எனக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. முன்வீட்டை மூத்தவளுக்குச் சீதனமாகக் கொடுத்தேன். பின்வளவு இளையவளுக்கு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் தாய் நான் ஒருவரிடமும் கையேந்தாமல் செய்து முடிப்பேன் என்றுதான் இருந்தேன். இளையவளுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. மேசனும் வந்து அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்தான். சமைக்கிற குசினி வரவேண்டிய இடத்தில் ஒரு முள்முருக்கு மரம் நின்றது.

அது தானாக முளைத்த மரமில்லை. கலியாணத்துக்கு முன் நல்லநேரம் பார்த்து முருக்கம் தடி ஒன்றை நட்டுப் பால் வார்ப்போம். அதுதான் கன்னிக்கால். மூத்தவளின் கலியாணத்துக்குப் பந்தல் போட்டது பின்வளவில். பந்தலைப் பிரித்த பிறகும் தடி அங்கேயே நின்று வேர்விட்டது. இப்போது கட்டிப்பிடித்தால் என் கை எட்டாது.

வீட்டுப் பிளானோடு நகரசபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனுசன். நெஞ்சு மட்டத்தில் மரத்தைச் சுற்றி நாடா பிடித்துப் பார்த்தார். இந்தப் பருமனுக்கு மேலுள்ள எந்த மரத்தையும் வீடு கட்டுவதற்காகத் தறிக்கக்கூடாது, பிளான் பாஸ் ஆகாது என்றார். இது விறகுக்கும் உதவாத முருக்கு என்று நான் சொன்னேன். விதியில் வேம்பு, முருக்கு என்ற பிரிவில்லை, பருமன் மட்டும்தான் என்றார். போகும்போது, அந்த விதியைத் திருத்த யோசிக்கிறார்கள், சனத்திடம் அபிப்பிராயம் கேட்டுக் கூட்டம் வைக்கிறார்கள், வந்து சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

எனக்கு மூச்சு வந்தது. குசினிக் கதவடியில் நின்று கேட்ட மூத்தவளுக்கு முகம் இருண்டுபோயிற்று.

அவளுடைய புருசன் பலநாள் மீன்பிடிப் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். ஒருமுறை நடுக்கடலில் இயந்திரம் பழுதாகி ஒரு சேதியும் இல்லை. ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் அழவில்லை. காலையும் மாலையும் முருக்குக்குத் தண்ணீர் ஊற்றினாள். அது பட்டுப்போனால்தான் அவருக்குப் பிழை என்றாள். மரம் தளிர்த்தது, அவரும் கருகிப்போன முகத்தோடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த மரத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியைக்கூட அவள் கட்டவிடுவதில்லை.

அன்று பின்னேரம் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, நீங்கள் கூட்டத்துக்குப் போகவேண்டாம். சட்டம் விடேல்லை எண்டு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுங்கோ. அப்பிடிச் சொன்னால் ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லேலாது."

இளையவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அக்காவுக்கு வீடு இருக்குத்தானே. அவவுக்குச் சட்டம் இனிக்கும்."

அதோடு இருவருக்கும் கதை நின்றது. ஒரே கிணறு, ஒரே வாளி. ஒருத்தி வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் மற்றவள் எடுத்தாள். நடுவில் மாப்பிள்ளையின் தாய் குச்சவெளியிலிருந்து போன் எடுத்து, அத்திவாரம் போட்டாயிற்றா என்று கேட்டா. வேறு இடத்திலிருந்தும் கேட்கிறார்கள் என்றும் ஒரு சொல் சொல்லி வைத்தா.

துறைமுகத்துக்கு மேலே மேட்டுக்காணியை ஹோட்டல்காரர் கட்டடம் போட வாங்கியிருந்தார்கள். பெரிய வாகையும் புளியும் நிற்கிற காணி, அவர்களுக்கும் அதே விதிதான் தடை. ஊருக்குள் திரியும் மான்கள் மத்தியான வெயிலுக்கு அங்குதான் படுக்கும். அவர்களுடைய ஆள் ஒருவர் என் கதையை எப்படியோ அறிந்து வந்தார். கூட்டத்துக்கு வாகனம் அனுப்புகிறேன், எழும்பி உங்கள் கஷ்டத்தைச் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் கேட்போம் என்றார். எனக்குக் கால் இருக்கிறது, நடந்து வருவேன் என்று அனுப்பினேன்.

கூட்டத்துக்கு இளையவளோடு போனேன். மூத்தவளும் தனியாக வந்து கடைசிக் கதிரையில் இருந்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் நான். அவர்கள் கொடுத்த தாளை மடித்து வைத்துக்கொண்டு, தலைமையில் இருந்தவர் வாசித்ததைக் கவனமாகக் கேட்டேன். ஹோட்டல்காரரின் ஆள் எழும்பினார். என்னைக் கையால் காட்டினார்.

"இந்த அம்மா ஒரு குசினி கட்டேலாமல் நிக்கிறா. ஏழைத் தாய். சொந்தக் காணிக்குள்ள நிக்கிற மரத்துக்கு ஒரு விதியும் வேண்டாம், எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ."

பலர் ஓம் ஓம் என்றார்கள். நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும், என் காரியம் முடிந்துவிடும். இளையவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். மூத்தவளின் பார்வை முதுகில் சுட்டது. ஆனால் ஏழைத் தாய் என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன்.

"தம்பி, நான் கேக்க வந்தது என்ர முருக்கு ஒண்டுக்கு. உங்கட வாகையைத் தறிக்க என்ர பிள்ளையின்ர குசினியைக் காட்டாதேங்கோ."

அப்படியென்றால் விதி எப்படி இருக்கவேண்டும் என்று தலைமையில் இருந்தவர் கேட்டார். தடி வெட்டி நட்டால் வளர்கிற மரத்துக்கு ஒரு விதி, மற்றதுக்கு ஒரு விதி என்று வையுங்கள் என்றேன். முருக்கு, பூவரசு, முருங்கை என்று நான் சொல்லிக்கொண்டு போக, பின்னாலிருந்து ஒருவன் வாழையையும் சேர்க்கச் சொன்னான். மண்டபமே சிரித்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

சிரித்தாலும் எழுதிக்கொண்டார்கள். திருத்தின விதி வந்தபோது வாகையும் புளியும் வேம்பும் முன்போலவே தடைக்குள் நின்றன. வீட்டு வளவில் தடியால் வளரும் மரங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. பிளான் பாஸ் ஆயிற்று.

அதுவரைக்கும் பிள்ளைகள் இருவரும் சட்டத்தோடு கோபித்தார்கள், அல்லது சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்தார்கள். இனி இருவருக்கும் முன்னால் நின்றது நான்தான்.

மூத்த மருமகன் அப்போது கடலில். மேசன் கோடரியோடு வந்தான். அவர் கரைக்கு வரும்வரை ஒருவரும் கைவைக்கக்கூடாது என்று திருப்பி அனுப்பினேன். இளையவள் அழுதாள். குச்சவெளியிலிருந்து போன் வந்தது, நான் எடுக்கவில்லை. குடாவில் காற்று மாறி, வரவேண்டிய படகு பிந்தியது. மூத்தவள் பழையபடி காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் நானும் சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழும்பினேன். அவருக்கு ஒன்று நடந்திருந்தால், மரத்தில் கைவைக்காமலே அந்தப் பழி என்னில்தான் விழுந்திருக்கும்.

படகு வந்தது. குளித்து, சாப்பிட்டு, கதையெல்லாம் கேட்டபின் அவர் கோடரியைக் கேட்டார்.

"மாமி, அண்டைக்கு என்னைக் கரைக்குக் கொண்டுவந்தது, நாங்கள் இயந்திரத்தைக் கழட்டிப் பூட்டினது. மரம் ஒண்டும் பூட்டேல்லை."

மூத்தவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார். அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். முருக்கு மெத்தென்ற மரம், அவர் தறிக்க, விழ நேரம் எடுக்கவில்லை. விழுந்த பிறகு அவள் வந்தாள். கையளவு தடிப்பில் ஒரு கொப்பைத் தேடி எடுத்து, இழுத்துக்கொண்டு போய், மேசன் கட்டிய எல்லைக் கயிற்றை ஒட்டித் தன் பக்கத்தில் நட்டாள். தங்கையின் குசினிச் சுவர் எழும்பப்போவதும் அந்தக் கயிற்றடியில்தான். எங்களில் ஒருவரையும் அவள் பார்க்கவில்லை.

அது வேர்விட்டுப் பருத்தால் சுவரைப் பிளக்கும். இனித் தறிக்கவேண்டாம் என்று சொல்ல ஒரு விதியும் வராது.

அடுத்தநாள் காலை மேசனைக் கூப்பிட்டு, குசினிச் சுவரை இரண்டு முழம் உள்ளே தள்ளிப் போடச் சொன்னேன். இளையவள் தள்ளிக் கட்டிய கயிற்றைப் பார்த்தாள், குசினி ஏன் சின்னதாயிற்று என்று கேட்டாள்.

"காத்து வரட்டும்" என்றேன்.