கரும்பூச்சுக்கு அடியில் ரெஜினா அக்கா

அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் அழைத்தபோது நான் பள்ளியில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாகர்கோவில் எண்ணைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. சிகிச்சைக்காக ஊருக்குப் போன ரெஜினா அக்கா திரும்பி வருவார் என்றுதான் இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளுக்குள் யாரும் நம்பவில்லை. அண்ணன் அழவில்லை. "காலையில போயிட்டா. அங்க எல்லாருட்டயும் நீ சொல்லிரு மக்களே" என்றார்.

அடக்கத்துக்கு நம்மில் யாராலும் போக முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். மருத்துவமனையில் அவரோடு டூட்டி பார்த்தவர்களே, வார விடுமுறையான வெள்ளிக்கிழமையில் தேவாலயப் பூசையில் அவர் பக்கத்தில் நின்று பாடியவர்களே, தீவிர சிகிச்சைப் பிரிவின் சிஸ்டராக அவரை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நான் அறிந்தவர், பழைய கார் ஒன்றுக்கு அடியில் அட்டை விரித்து மல்லாந்து படுத்திருந்த ரெஜினா அக்கா.

இங்கே, அமீரகத்தின் புஜைராவில் பழைய வில்லா ஒன்றை இரண்டாகத் தடுத்து ஒரு பாதியை எங்களுக்கும் மறு பாதியை அவருக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். முற்றம் பொது. அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சொந்த ஊர் குளச்சல் பக்கம். ஒரே மகள் திருமணமாகிப் பெங்களூரில் இருந்தாள். கணவர் சேவியர் அண்ணன் ஓமானின் சலாலாவில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர். வளைகுடாவுக்கு வந்த நாள்முதல் இருவரும் ஆளுக்கொரு நாட்டில்தான். லீவு கிடைத்தால் ஊரில் சந்தித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள், ஓடாத கார்களை ஏற்றிவருகிற ரெக்கவரி வண்டி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. அதன் முதுகில், எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவுக் கார். நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், காற்றில்லாத நான்கு சக்கரங்கள். அக்கா நர்ஸாக வீட்டுக்கே போய்க் கவனித்துவந்த ஓர் அரபுப் பெரியவர் இறந்த பிறகு, அவர் பிள்ளைகள் அந்த வீட்டை இடிக்கப் போவதாகவும், பின்புறம் கிடந்த காரைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா, எனக்குத் தாருங்கள் என்று கேட்டுவிட்டார். எதற்கு அக்கா இது என்றேன். "கண்டேன், பிடிச்சுது. அதாக்கும்" என்றார். அதற்கு மேல் ஒரு காரணமும் அவரிடம் இருக்கவில்லை. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், பிள்ளையின் படிப்பு என்று காரணம் இல்லாமல் ஒரு செருப்புகூட வாங்காத எங்களுக்கு அது விளங்கவே கொஞ்ச காலம் ஆனது. அண்ணனிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டதற்கு, நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

காரின் அடிப்பகுதி முழுவதும் தார் போன்ற கரும்பூச்சு. துரு பிடிக்காமல் இருக்க அடிக்கிற அண்டர்கோட்டிங்தான்; ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மேலே மேலே அடித்து, தோல் மாதிரித் தடித்துப் போயிருந்தது. எஞ்சினைப் பார்க்க வந்த பதான் மெக்கானிக் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "சிஸ்டர், ஊப்பர் சே ஏக் ஸ்ப்ரே மாரோ, கலாஸ்" என்றார். மேலே இன்னொரு தடவை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். அக்கா கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் மூட மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

காரை இரும்புத் தாங்கிகளில் ஏற்றி வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு அக்கா அடியில் நுழைந்தார். ஒரு கையில் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன். மறு கையில் பெயின்டர்கள் பட்டி பார்க்கிற தகடு. பூச்சு இளகியதும் தகடால் தள்ள வேண்டும். சூடு குறைந்தால் அசையாது. கூடினால் எரிந்து புகை கிளம்பும். கையளவு இடம் சுத்தமாவதற்குள் தோள் கழன்றுவிடும். கொஞ்ச நேரம் விளக்குப் பிடிக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். பொழுது சாய்கிறவரை நான் அங்கிருந்து எழுந்து வரவில்லை. தலைமுடியெல்லாம் கறுப்புத் துகள். டயர் எரிந்த வாடை வீட்டுக்குள்ளும் வந்தது. என் கணவர் ரகு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அந்த முதல் நாள் நாங்கள் ஆசை தீரப் பெரிய இடமாகச் சுரண்டிவிட்டு, குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் பார்த்தால் வெள்ளையாகப் பளபளத்த தகரம் முழுக்கச் செம்மை படர்ந்திருந்தது. கடற்காற்று ஒரே இரவில் துருவைக் கொண்டுவந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அக்கா கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். "இன்னைக்கு மூட முடிஞ்ச அளவுதான் இன்னைக்குத் தொறக்கணும்" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் சுரண்டி, தின்னரால் துடைத்து, அன்றே துருவைத் தடுக்கிற பிரைமர் பூச்சு அடித்துவிட்டுத்தான் கை கழுவினார். இரவு டூட்டி முடித்து வந்த காலைகளில்கூட, தூங்குவதற்கு முன் ஒரு சாண் இடமாவது முடித்தார்.

வில்லாக்காரர் வந்து பார்த்து முகம் சுளித்தார். குப்பைக் கார்களை நிறுத்தினால் நகராட்சி தன்னைத்தான் கேட்கும், புது வருடம் பிறக்கும்போது இது இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெடுவுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பூச்சு மற்ற இடங்களைவிடத் தடிப்பாக இருந்தது. தகடு பட்டதும் அது பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே துணி. யாரோ பழந்துணியைத் திணித்து, மேலே பசை தடவி, அதன் மேல் கறுப்பு அடித்திருக்கிறார்கள். துணியை இழுத்தபோது துரு மண்ணாகக் கொட்டியது. என் முழங்கை நுழைகிற ஓட்டை. காரின் கனத்தைத் தாங்குகிற அடிச்சட்டமே அரித்துப் போயிருந்தது.

நான் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். விட்டுவிடலாம் அக்கா என்றேன். ரகுவும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். அடியில் மிச்சத் துணியை உருவுகிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"இதோட ரோட்டுக்குப் போயிருந்தா செத்திருப்போம். இப்பத் தெரிஞ்சுதே, நல்லதாக்கும். லைட்ட இந்தப் பக்கம் பிடி மக்களே."

அரிப்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அதன் பிறகுதான் சலாலாவுக்குப் போன் செய்தார். அண்ணன் கத்தியது முற்றம்வரை கேட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகவில்லை, நேரே அங்கே வருகிறேன், வந்து நானே அதை இரும்புக் கடையில் தள்ளுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். அக்கா அசரவில்லை. வெல்டிங் பிடிக்க வெறும் இரும்பு வேண்டும் என்பதால் ஓட்டையைச் சுற்றி மட்டும் பிரைமர் அடிக்காமல் விட்டு, தினமும் டூட்டியிலிருந்து வந்ததும் துரு ஏறாமல் தேய்த்து வைத்தார். அண்ணன் வெல்டிங் செய்வார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மஸ்கட் வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கிய அண்ணன், பையை முற்றத்தில் வைத்தார். பயணச் சட்டையோடு காருக்கு அடியில் நுழைந்தார். நாங்கள் மூவரும் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் விரலால் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் மட்டும் வந்தது.

"இத ஆரு சுத்தம் பண்ணினது?"

"நானும் இவளும்."

மறுபடியும் தட்டுகிற சத்தம். பிறகு வெளியே வந்தார். கோபம் முகத்தில் அப்படியேதான் இருந்தது.

"எனக்க சர்வீஸ்ல ஒருத்தனும் இப்படிச் சுத்தம் பண்ணித் தந்ததில்ல. ஆனா சொல்லாம செஞ்சது தப்பு."

"தப்புதான்" என்றார் அக்கா.

அண்ணன் கையைத் துடைத்தார். "மிஷின் எங்க வாடகைக்குக் கிடைக்கும்?"

அந்த லீவு முழுவதும் காருக்கு அடியில்தான் கழிந்தது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, கனமான தகட்டை மடித்துப் பெட்டிபோலச் செய்து வைத்துப் பற்றவைத்தார். அக்கா நனைந்த சாக்கோடு பக்கத்தில் நின்று தீப்பொறி விழுகிற இடங்களைப் பார்த்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் அன்று பூசைக்குப் போய்விட்டு வந்து, எங்கள் எல்லோருக்கும் மீன்குழம்பு சோறு போட்டுவிட்டு, இருவரும் மறுபடி வேலையில் இறங்கினார்கள். ஒருவர் கேட்பதற்கு முன் மற்றவர் சாமானை நீட்டுவதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அத்தனை நாள் சேர்ந்தாற்போல ஒரே இடத்தில் இருந்தது வளைகுடாவுக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை என்று அக்கா பின்னால் ஒருமுறை சொன்னார். வில்லாக்காரர் கெடுவை நினைவூட்ட வந்தவர், குனிந்து பார்த்தார், நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். போகும்போது "மாஃபி முஷ்கில்", ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

எஞ்சின் வேலை முடிய இன்னும் பல மாதங்கள் பிடித்தன. வண்டிப் பதிவுக்கான முதல் சோதனையில் எண்ணெய் ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அக்கா சரிசெய்து மறுபடி கொண்டுபோய் நிறுத்தி, நம்பர் பிளேட்டோடு திரும்பினார். அதற்குள் சேவியர் அண்ணனும் சலாலா வேலையை விட்டுவிட்டு, புஜைராவிலேயே ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்திருந்தார். தனியாக விட்டால் இவள் அடுத்து ஒரு கப்பலைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்துவாள் என்று எங்களிடம் சொல்வார். அக்கா நோயில் விழுகிறவரை இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வருடங்களை அக்கா தன் கையால் சுரண்டி எடுத்தார் என்றுதான் நான் சொல்வேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு காலைப்பொழுது. இரவு டூட்டி முடித்து வந்தவர், கடலோரமாகத் திப்பா வரை போய்வரலாம் என்று என்னை அழைத்தார். கோர்ஃபக்கான் தாண்டியதும் காரை ஓரம் கட்டி இறங்கி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார். நீ ஓட்டு என்றார். லைசன்ஸ் வாங்கிய நாளிலிருந்து பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சின்னக் காரைத் தவிர வேறெதையும் ஓட்டாதவள் நான். இவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டியை என்னிடம் தராதீர்கள் என்றேன். அக்கா என்னை இறக்கிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை. முதல் வளைவைக் கடந்து, சரியாகத்தான் போகிறேனா என்று கேட்கத் திரும்பினேன்.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

நான் வேகத்தைக் குறைக்கவில்லை. திப்பா வரை ஓட்டினேன்.