ஒரு முடி கூடிப்போன கட்டை

ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றினாலே எனக்குக் குற்றங்களை ஒப்புக்கொள்ளத் தோன்றும். முந்தாநாள் வடை தின்றேன், தினமும் நடக்கிறேன் என்று சொன்னது பொய் என்று அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு இது அழகில்லைதான். ஆனால் இந்த வியாதி எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வயதில், ஒரு மே மாதம், புதுக்கோட்டையில் ஒரு ஏசி அறையில்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, ஐடிஐ படித்தவள். கீரமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு லேத் பட்டறையில் அவளுக்கு வேலை. போர்வெல் மோட்டாருக்கும் டிராக்டருக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பட்டறை, அந்த வருஷம் உலோகத்தைச் செதுக்கும் ஒரு மில்லிங் மெஷினை இறக்கி, புதுக்கோட்டைக் கம்பெனி ஒன்றுக்கு அலுமினியச் சாமான் செய்து கொடுக்க ஆசைப்பட்டது. ஆசையோடு ஆசையாக, உயரம் அளக்கிற ஒரு டிஜிட்டல் ஹைட் கேஜும் வாங்கியது. அதைத் தொடும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். முதலாளியே அதன் பக்கம் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

பார்வைக்கு அது ஒரு சின்ன விளக்குக் கம்பம் மாதிரி இருக்கும். கண்ணாடி போல வழவழப்பான கறுப்புக் கிரானைட் பலகையின் மேல் நிற்கும். கம்பத்தில் மேலும் கீழும் ஓடும் ஒரு கூர்மூக்கு. சக்கரத்தைத் திருகினால் மூக்கு இறங்கும், பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் எண்கள் ஓடும். முதலில் மூக்கைக் கல்லில் தொடவைத்து, பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு சாமானைக் கல்லில் நிறுத்தி, அதன் தலையில் மூக்கு தொடும்போது என்ன எண்ணோ அதுதான் உயரம்.

சொல்லும்போது சுலபம். அத்தை செய்யும்போது பார்க்க வேண்டும். உள்ளங்கையால் கல்லை ஒரு வழி வழிப்பாள். எங்களுக்குத் தெரியாத தூசு அவள் கைக்குத் தெரியும். சக்கரத்தைத் திருகும்போது மூச்சை நிறுத்திக்கொள்வாள். தூங்குகிற குழந்தையின் நெற்றியில் விரல் வைப்பது போல அந்த மூக்கு வந்து தொடும். ஒரே சாமானை மூன்று தடவை அளப்பாள், மூன்று தடவையும் ஒரே எண் வரும். எங்கள் வீட்டில் சாம்பார்கூட அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே மாதிரி வந்ததில்லை.

ஒருநாள் என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, இரண்டு தட்டையான இரும்புத் துண்டுகளுக்கு நடுவே வைத்து அளந்து காட்டினாள். புள்ளி பூஜ்யம் ஏழு. ஒரு மில்லிமீட்டரை நூறு துண்டாக்கினால் அதில் ஏழு துண்டு. தன் முடியையும் அளந்தாள். புள்ளி பூஜ்யம் ஆறு. "மருமகனே, ஒங்க முடி தடியாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள எப்படின்னு அளக்க இங்க ஆயுதம் இல்ல" என்றாள்.

கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய முதல் மாதிரி ஓர் அலுமினியக் கட்டை. ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவு, கணக்காகச் சொன்னால் இருநூறு மில்லிமீட்டர். அதில் நூறில் மூன்று துண்டு கூடலாம், மூன்று துண்டு குறையலாம், அவ்வளவுதான். அதாவது அரை முடி. அதைக் கொண்டுபோக வேண்டிய முதலாளி காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் போறேன் என்றாள் அத்தை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா கை கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். தனியாகப் போகக் கூடாது, துணைக்குப் பயலைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சாமான் தேறவில்லையென்றால் பட்டறை வேலைக்கே முழுக்குப் போட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். அத்தை சரிண்ணே என்று மட்டும் சொன்னாள்.

துணை என்றதும் என் நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. இருபத்துமூன்று வயது அத்தைக்குப் பத்து வயதுக் காவல். அரைக்கால் சட்டையில் பொத்தான் வேறு இல்லை, ஊக்கு குத்தியிருந்தது. ஆனால் நெஞ்சின் ஓர் ஓரத்தில் உறுத்தல். அன்று சாயங்காலம்தான், பட்டறையில் யாரும் பார்க்காதபோது, மூக்கு கட்டையின் தலையில் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தப் பூஜ்யப் பொத்தானை அமுக்கியிருந்தேன். இருநூறு என்று இருந்தது ஒரு நொடியில் பூஜ்யமாகிவிட்டது. கட்டையையே தொலைத்துவிட்டவன் போல ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. என்னை மட்டும் யாரோ தூக்கி டிரைவர் பக்கத்து இன்ஜின் பேனட் மேல் உட்கார வைத்தார்கள். ஊரில் எந்தப் பையனுக்கும் அதுதான் சிம்மாசனம். அத்தை எங்கோ பின்னால் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தாள். கட்டையைத் துணியில் சுற்றி ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தாள். பெட்டிக்கு இடி படக் கூடாதே என்று அதைக் கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் அனுப்பிவிட்டாள். பத்திரமா வச்சுக்க என்ற குரல் மட்டும் வந்தது.

பத்திரம் என்றால் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, கட்டையை எடுத்துப் பேனட் தகரத்தில் வைத்துக்கொண்டேன். எனக்காவது அடியில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தார்கள். கட்டைக்கு அதுவும் இல்லை. என்ன தம்பி இது என்று டிரைவர் கேட்டார். வெள்ளிக்கட்டி என்றேன். அவர் அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் என்னை மரியாதையாகப் பார்த்தார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு கண்ணில் படும்போதுதான் திரும்பச் சுற்றிப் பெட்டியில் போட்டேன்.

அங்கிருந்து ஆட்டோ. கம்பெனியில் அளக்கும் அறையில் ஏசி. என் வாழ்க்கையில் முதல் ஏசி. அங்கிருந்த இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருந்தார், பேண்டு வாத்தியக்காரர் மாதிரி. முதலாளி வரலையா என்றார். அளந்தது யார் என்றார். நாந்தான் சார் என்றாள் அத்தை. அவர் என்னைப் பார்த்தார். துணைக்கு வந்திருக்கான் என்றாள். யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

அங்கேயும் கறுப்புக் கல், அங்கேயும் அதே மாதிரி கம்பம். அவர் பூஜ்யம் வைத்தார், கட்டையை நிறுத்தினார், மூக்கை இறக்கினார். இருநூறு புள்ளி பூஜ்யம் ஒன்பது. இன்னொரு தடவை. அதே ஒன்பது. மூன்றுக்கு மேல் போகக் கூடாத இடத்தில் ஒன்பது. ஒரு முழு முடி, அதுவும் என் முடியை விடத் தடியான முடி. அவர் மேசையிலிருந்து, தேறாத சாமானில் ஒட்டுகிற ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார்.

காலையில் அளந்தபோது இருநூறு புள்ளி பூஜ்யம் ஒன்றுதான் இருந்தது என்றாள் அத்தை. அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு வெளுப்பு. எனக்கு அப்பாவின் தீர்ப்பு காதில் ஒலித்தது. நான் அமுக்கிய பொத்தான் கண்ணில் தெரிந்தது. ஏசியில் வியர்த்தது. என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அத்தை, நாந்தான் நேத்து பூஜ்யத்த அமுக்கிட்டேன்."

"தெரியும். காலையில வந்து மறுபடி கல்லுல வச்சுத்தான் அளந்தேன். தெனமும் அப்படித்தான்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பீதி என்பது வயிற்றுப்போக்கு மாதிரி, பாதியில் நிற்காது. வழிக்கென்று அத்தை பையில் வைத்திருந்த முறுக்கில் இரண்டைத் தின்றேன் என்றேன். டிரைவரிடம் வெள்ளிக்கட்டி என்று சொன்னேன் என்றேன். போலீஸ் வருமா என்றும் கேட்டுக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் சிவப்பு அட்டையைக் கையில் பிடித்தபடி, ஒரு பாவமன்னிப்பைத் தவறுதலாகக் கேட்டுவிட்டவர் போல நின்றார். கடைசியில், சொல்ல வேறு குற்றம் இல்லாமல், பெட்டியில் வைக்காமல் பேனட்டில் வைத்துக்கொண்டு வந்தேன் என்றேன்.

"எங்க வச்ச?"

"இன்ஜின் மேலதான். தகரத்துல."

அத்தை ஒரு விரலின் பின்பக்கத்தால் கட்டையைத் தொட்டாள். உடனே எடுத்துவிட்டாள். திரும்பியபோது அவள் முகத்தில் வெளுப்பு போயிருந்தது.

"சார், பீஸு சூடா இருக்கு. சூட்டுல விரிஞ்சிருக்கு. இங்கிட்டே கல்லு மேல படுக்கப் போட்டு வைங்க, யாரும் தொட வேணாம். ஆறுனதும் அளந்து பாருங்க. அப்பயும் கூடுதலா இருந்தா நானே அட்டைய ஒட்டிட்டுப் போறேன்."

இன்ஸ்பெக்டர் கையுறையைக் கழற்றி அவரும் தொட்டுப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் என்று முனகினார். ஆனால் போகவில்லை.

கால் மணி கழித்து நிறுத்தி அளந்தார். பூஜ்யம் ஆறு. மறுபடி படுக்கப் போட்டார். இரும்பும் அலுமினியமும் கல் மாதிரி சும்மா கிடக்கிற ஜடம் என்றுதான் நினைத்திருந்தேன். அது மூச்சு விடுகிற மாதிரி இறங்குவதை அன்று கண்ணால் பார்த்தேன். பூஜ்யம் நான்கு. அப்போது அவர் ஒரு நாற்காலியை இழுத்து அத்தை பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நம் உடம்புச் சூடுகூட அதற்குப் போகக் கூடாது என்பதுபோல ஓரடி தள்ளி நின்றாள். பூஜ்யம் இரண்டு. கடைசியில் பூஜ்யம் ஒன்று. அதற்குப் பிறகு எத்தனை தடவை அளந்தும் அது அசையவில்லை.

"நீங்க ஒரு தடவ அளங்க" என்றார் அவர். அத்தை கல்லை உள்ளங்கையால் வழித்தாள். பூஜ்யம் வைத்தாள். மூச்சை நிறுத்தினாள். அந்தப் பெரிய கம்பெனியின் மூக்கும் எங்கள் பட்டறை மூக்கு மாதிரியே சாதுவாக வந்து தொட்டது. பூஜ்யம் ஒன்று. சிவப்பு அட்டை மேசைக்குள் போய்விட்டது. என் பின்பக்கமும் அன்று அதே பேனட்டில் உட்கார்ந்துதான் வந்தது. அது எவ்வளவு விரிந்திருந்தது என்று அளக்க மட்டும் யாரும் முன்வரவில்லை.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். தேறிருச்சுண்ணே, மருமகன் நல்லாப் பாத்துக்கிட்டான் என்றாள் அத்தை. பேனட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்பா என் தலையைத் தடவி, இனிமேல் அவள் புதுக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் நீயும் துணைக்குப் போக வேண்டும் என்றார். அதன்படி லீவு நாளெல்லாம் போனேன். பெட்டி மட்டும் அதன்பிறகு என் கைக்கு வரவே இல்லை. நான் பெரியவனாகிவிட்டேன், சில்லறை வேலையெல்லாம் எனக்குத் தர மாட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த முதல் நாள், திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சீட்டு கிடைத்திருந்தது. ஆலங்குடி தாண்டியதும், ஒரு காவல்காரனுக்குரிய பெருமையோடு அவளிடம் கேட்டேன்.

"அத்தை, நான் மட்டும் இன்னைக்கு ஒங்க கூட வராம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இல்லாவிட்டால் என்னென்ன ஆகியிருக்கும் என்று நினைத்துத்தான் அப்படி நடுங்குகிறாள் போலும் என்று எண்ணி, பயப்படாதீங்க அத்தை, அடுத்த தடவையும் வாரேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.