மூடிய நட்டுகள்

அரைத்த சந்தனமும் சூடேறிய கார் ரயரும் ஒன்றாக மணந்தால் எனக்கு ஆகாது. புதுக் காருக்குப் பூசை நடக்கும் எந்தக் கோயில் வாசலிலும் தள்ளித்தான் நிற்பேன். ஒன்பது வயதில் நடந்த ஒன்றுதான் காரணம்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட அப்பாவுக்கு ஒரு கராஜ் இருந்தது. அம்மாவின் தம்பியான மாமா அங்கே வேலை செய்தார். ஒருநாள் ஒரு டொக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. கூரையில்லை, இரண்டே இருக்கை. நாலு சில்லுகளையும் பிடித்திருந்த போல்ட்கள் தேய்ந்திருந்தன. புதுப் போல்ட் போதும் என்றார் அப்பா. ஸ்டட்தான் வேண்டும் என்றார் மாமா: மரையோடு வெளியே நீட்டி நிற்கும் கம்பிகளைப் பூட்டிவிட்டால், சில்லைத் தூக்கி அதில் கொளுவிவிட்டு நட்டை இறுக்கலாம்.

“காரைச் செய்தவன் என்ன விசரனோடா?”

“விசரனில்லை அத்தான். ஆனா அவன் சில்லை முழங்காலாலை முட்டுக்குடுத்துக்கொண்டு போல்ட்டுக்கு ஓட்டை தேடேல்லை. நானெல்லோ தேடுறன்.”

அப்பா ஒரு நிபந்தனையோடு இணங்கினார். காரை ஓட்டிப்பார்த்துச் சரிவந்தால் மாமா கராஜில் பங்காளி. பிழைத்தால், கொழும்பில் ஒரு சொந்தக்காரரின் கடைக்குப் போகவேண்டும். கடை வேலை மாமாவுக்கு வேப்பங்காய்.

வேலை முடிந்த வாகனங்களின் போல்ட் தலைகளுக்குச் சந்தனப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. மழை பெய்தால் பொட்டு அழிந்துவிடும். அது எனக்குப் பெரிய துக்கம். மாமா வாங்கிய நட்டுகளோ ஒரு பக்கம் மூடியவை, பளபளக்கும் சின்னக் கிண்ணங்கள். உள்ளே வைத்தால் என்றைக்கும் அழியாதே! நாலு நட்டின் அடியிலும் தாராளமாக அப்பினேன். அத்தோடு சந்தனம் தீர்ந்தது. அப்பாவோடு வாய்க்கு வாய் கதைத்தபடி மாமா அந்த நாலையும் முன் சில்லொன்றில் பூட்டினார். இறுகின.

அப்பா ஓட்டினார். மாமாவின் மடியில் நான். சந்தியில் திரும்பும்போது டக்கு டக்கென்றது. பிறகு சில்லு ஆடியது. கார் சரிந்து, ரயர் கருகி மணக்க, சந்தையோரக் கத்தரிக்காய்க் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

மரக்கறிக்காரி இருந்த இடத்தைவிட்டு எழும்பவேயில்லை. “என்ன முதலாளி, நாலு சில்லும் ஒரு பக்கமாய்ப் போகவேணுமெண்டு சொல்லிக் குடுக்கேல்லையோ?”

சந்தை சிரித்தது. அப்பாவின் காது சிவந்தது.

மாமா குந்தியிருந்து, மிஞ்சியிருந்த ஒரு நட்டைக் கையாலேயே கழற்றினார். உள்ளே சுண்டுவிரலை விட்டு எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். அப்பாவின் பெல்ட் எவ்வளவு சுறுக்காகக் கழலும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு எழும்பினார்.

ஸ்டட் சந்தனத்தில் முட்டி, இறுகாமலே இறுகியதுபோல் காட்டியிருக்கிறது. அது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. அப்போது, மாமாவுக்கு நட்டு இறுக்கத் தெரியாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

அடுத்த கிழமை மாமாவின் பெட்டி கொழும்பு பஸ்ஸில் ஏறியது. கடைசி நேரத்தில் அப்பா இளகினார்.

“உள்ளதைச் சொல்லடா தம்பி. உன்ரை கை பிழைக்காது. எங்கை பிழைச்சது? சொன்னியெண்டால் பெட்டியை இறக்குவம்.”

மாமா என் தலையில் கை வைத்தார்.

“நான் வடிவாய் இறுக்கேல்லை, அத்தான்.”